பதில் சொல்லாத ஆலோசகர்: நெடுநாள் வாடிக்கையாளரின் அனுபவம்

போன மாதம் என் உளவியல் ஆலோசகர் கட்டணத்தை உயர்த்தினார். ஓர் அமர்வுக்கு 1,200 ரூபாயாக இருந்தது 1,800 ஆகிவிட்டது. வாட்ஸ்ஆப்பில் மூன்றே வரியில் செய்தி வந்தது. எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு, எப்படிச் செலுத்த வேண்டும் என்று எல்லாமே தெள்ளத்தெளிவு. இத்தனை காலத்தில் அவர் எதையும் என்னிடம் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. "இந்தக் கட்டண உயர்வைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் அவருடைய வழக்கத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். அதை மட்டும் கேட்கவில்லை.

அதே வாரம் ஆசிரியர் அறையில் வேதியியல் ஆசிரியை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, நீங்கள் போகிறீர்களே, அதில் ஏதாவது பிரயோஜனம் இருக்கிறதா? நானும் போகலாமா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். மணி அடித்துவிட்டது. வராண்டாவில் நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கவுன்சலிங் என்றால் என்ன, யார் போவார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கு மட்டும் இது. நான் போவது மனிதநேய உளவியல் வகையைச் சேர்ந்தது; அதிலும் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் வகுத்த வழி. எண்ணங்களைக் கட்டம் போட்டு எழுதிவரும் வீட்டுப்பாடம் இதில் கிடையாது. கனவுக்குப் பலன் சொல்ல மாட்டார்கள். ஐம்பது நிமிடம் நாம் பேசுவோம், அவர் கேட்பார்.

குறையை முதலிலேயே கொட்டிவிடுகிறேன். அவர் எதற்கும் பதில் சொல்ல மாட்டார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த காரணத்தைச் சொன்னால்தான் இந்த எரிச்சல் புரியும். அம்மா இறந்தபோது வீடு அவர் பெயரில் இருந்தது. உயில் இல்லை. அப்பா முன்பே காலமாகிவிட்டார். இரண்டு அண்ணன்களும் நானும்தான் வாரிசுகள். சட்டப்படி மூவருக்கும் சம பங்கு. கருமாதி அன்று பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே பெரியண்ணன் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தோடு வந்து, "பாப்பா, இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்றார். நான் போடவில்லை. பிடித்தது சனி. "கூடப் பிறந்தவன் வேண்டுமா, செங்கல் வேண்டுமா?" என்று சித்தி கேட்டார். வக்கீல் பாகப்பிரிவினை வழக்குப் போடச் சொன்னார். ஜோசியர் பெயர்ச்சி வரைக்கும் பொறுக்கச் சொன்னார். என் கணவர் "உன் இஷ்டம்" என்று சொன்ன தொனியிலேயே அவருடைய இஷ்டம் என்ன என்பது தெரிந்தது. ராத்திரித் தூக்கம் போயிற்று. கரும்பலகை முன்னால் நின்றுகொண்டு அடுத்த வரி என்ன என்று யோசிக்கிற நிலைமை வந்தது. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எனக்கு இலவசமாகப் புத்தி சொன்ன அந்தக் காலத்தில், வாயைத் திறந்து ஓர் அபிப்பிராயமும் சொல்லாதவர் இந்த ஒருவர்தான். அவருக்குத்தான் நான் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பொறுமை போய் நேராகவே கேட்டேன். "மேடம், என் இடத்தில் நீங்கள் இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "யாராவது முடிவு செய்து கையில் கொடுத்துவிட்டால் போதும் என்கிற அளவுக்குக் களைத்துப்போயிருக்கிறீர்கள்" என்றார். உண்மைதான். ஆனால் நான் கேட்டது அதையா? நான் கணக்கு ஆசிரியை. மாணவன் தானாக விடையைக் கண்டுபிடிக்கட்டும் என்று நானும் காத்திருப்பவள்தான். ஆனால் கடைசியில் சரியா தவறா என்று சிவப்பு மையில் குறித்துக் கொடுத்துவிடுவேன். இங்கே அந்தச் சிவப்பு மையே கிடையாது.

இது இவருடைய தனிக் குணம் என்றுதான் முதலில் நினைத்தேன். படித்துப் பார்த்ததில் இது பரம்பரைச் சொத்து என்று தெரிந்தது. 1940களில் ராஜர்ஸ் தன் முறைக்கு வைத்த பெயரே 'வழிநடத்தாத ஆலோசனை'. 1965இல் வெளியான ஒரு பயிற்சிப் படம் இருக்கிறது. குளோரியா என்ற விவாகரத்தான இளம்பெண் ராஜர்ஸ், வேறு வழிகளைச் சேர்ந்த சிகிச்சையாளர்களான ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் மூவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறார். தன் வாழ்க்கையில் வேறு ஆண்கள் வந்ததைப் பற்றிச் சின்ன மகள் கேட்டபோது பொய் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் குழந்தையின் மனம் கெட்டுவிடுமா என்பது அவருடைய தவிப்பு. ராஜர்ஸிடம் விடை கேட்கிறார், திரும்பத் திரும்பக் கேட்கிறார். மனிதர் கனிவாகத் தலையசைக்கிறாரே தவிர, விடை தருவதில்லை. அந்தப் பெண்ணுக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஆனால் அந்தப் படத்தின் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. உங்களைப் போல ஓர் அப்பா எனக்கு இருந்திருக்கலாம் என்று குளோரியா சொல்கிறார். நீங்கள் எனக்கு நல்ல மகளாகத்தான் தெரிகிறீர்கள் என்று ராஜர்ஸ் பதில் சொல்கிறார். நழுவவில்லை, "அப்பா இல்லாத ஏக்கம் உங்களுக்கு இருக்கிறது" என்று திருப்பிவிடவும் இல்லை. தன் மனத்தில் பட்டதைத் தன் வார்த்தையில் சொல்லிவிட்டார். இந்தப் பகுதியை என் ஆலோசகர் இன்னொரு முறை பார்க்கலாம்.

நல்லதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய கதையும் உண்டு. இவரிடம் வருவதற்கு முன்பு வேறோர் இடத்துக்குச் சில முறை போனேன். பெயர் வேண்டாம். "மனசு பாரமாக இருக்கிறது" என்றால், "உங்கள் மனசு பாரமாக இருக்கிறது" என்பார்கள். "அண்ணன் மேல் கோபம்" என்றால், "அண்ணன் மேல் உங்களுக்குக் கோபம்." கிளிப்பிள்ளை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1966இல் எலைசா என்ற கணினி நிரலை வெளியிட்டார். ராஜர்ஸ் வழி ஆலோசகர் போலவே, தட்டச்சு செய்வதைக் கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கும். அதனோடு பேசிய அவருடைய செயலாளர், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரையே அறையைவிட்டு அனுப்பினாராம். எனக்கு வாய்த்த முதல் ஆலோசகரைவிட அந்த நிரல் சுவாரசியமாகப் பேசியிருக்கும்.

இந்தக் கேலி ராஜர்ஸுக்கும் தெரிந்திருந்தது. 1986இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, அதைப் பற்றி எழுதினார். எதிரில் இருப்பவரின் உணர்வைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டுவது தன் நோக்கமே இல்லை, தான் புரிந்துகொண்டது சரிதானா என்று சரிபார்ப்பது மட்டும்தான் என்பது அவர் வாதம். முதலில் படித்தபோது சப்பைக்கட்டு என்று தோன்றியது. அது சப்பைக்கட்டு இல்லை என்பதற்கு என்னிடமே சாட்சி இருக்கிறது.

கருமாதி நாள் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொல்வேன். பங்கு, சட்டம், சித்தியின் பேச்சு, அண்ணியின் முகம். இவரிடமும் அப்படியே சொல்லி முடித்தேன். அவர் கேட்டார்: "அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் தயாராக வைத்துக்கொண்டு வந்தார் என்று சொன்னீர்கள். போன தடவையும் சொன்னீர்கள். பத்திரத்தைவிட அந்தப் பேனாதான் உறுத்துகிறதோ?"

அதைச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. என் வாயிலிருந்து வந்ததுதான். அந்தக் கதையைக் கேட்ட அத்தனை பேரும் வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மூடி கழற்றிய பேனாவை எடுத்தவர் இவர் ஒருவர்தான். "உறுத்தல் இல்லை மேடம், அவமானம்" என்றேன். "அவமானம்" என்று ஏற்றுக்கொண்டு, தன் வார்த்தையைக் கீழே போட்டுவிட்டார். பாப்பா போடுவாளா மாட்டாளா என்ற கேள்வியே அண்ணனுக்கு எழவில்லை. அவர் பேனாவைத் திறந்துகொண்டே நடந்து வந்தார். அன்றைக்கு நான் அழுத அழுகை அம்மாவுக்காகக்கூட அழாதது.

இன்னொரு நாள், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, "கொஞ்ச நேரமாக என் கவனம் நழுவிக்கொண்டே போகிறது. நீங்களும் இதில் இல்லாதது போலத் தோன்றுகிறது" என்றார். சுருக்கென்றது. காசு வாங்கிக்கொண்டு கவனம் நழுவுகிறது என்கிறாரே! ஆனால் நான் அப்போது ஒப்பித்துக்கொண்டிருந்தது சித்தியிடம் ஒப்பித்த அதே பாட்டு. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பதை ஆலோசகரின் அடிப்படைத் தகுதியாக ராஜர்ஸ் 1957 கட்டுரையில் வைத்தார். நிபந்தனையற்ற ஏற்பும், மற்றவர் நிலையில் நின்று உணர்வதும் மற்ற இரண்டு. எல்லோரும் பாராட்டும் அந்த ஏற்பு சித்தியிடம்கூட ஓரளவு கிடைக்கும். இந்த நேர்மை கிடைப்பதுதான் அரிது.

காலி நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசிப் பார்க்கலாமா என்று ஒருமுறை கேட்டார். அது பெர்ல்ஸின் கெஸ்டால்ட் முறையில் பிரபலமானது. பலருக்குப் பலன் தருகிறது என்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலியிடம் பேச மாட்டேன் என்றேன். வற்புறுத்தவில்லை.

எனக்கு எண்களும் வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 510 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. மிதமான, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பாதிக்கு ராஜர்ஸ் வழி வந்த சிகிச்சை, மறு பாதிக்கு, எண்ணங்களைக் கட்டம் போட்டு எழுதவைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ஆறு மாத முடிவில் முதலாவது இரண்டாவதற்குக் குறைந்தது அல்ல என்று தெரிந்தது. ஓராண்டு முடிவில் இரண்டாவதன் கை ஓங்கியிருந்தது. இதில் யாருடைய கட்சிக்காரரும் துள்ளிக் குதிக்க இடமில்லை. ராஜர்ஸும் மந்திரம் போட்டவர் அல்ல. அமர்வுகளை இசைத்தட்டில் பதிந்து, ஒருவருடைய எட்டு அமர்வுகளையும் வார்த்தைக்கு வார்த்தை 1942 புத்தகத்தில் அச்சிட்டவர். யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள் என்று விடைத்தாளை மேசையில் வைத்த அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

இப்போது மன்னிக்க முடியாத விஷயத்துக்கு வருகிறேன். தூக்கம். எனக்கு வயது நாற்பத்தொன்பது. நடு ராத்திரியில் வியர்த்து விழிப்பு வரும். அதன் பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். இதை எத்தனையோ அமர்வுகளில் சொன்னேன். அந்த நேரத்தில் உடம்பில் எங்கே என்ன தெரிகிறது, மனம் எங்கே போகிறது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வேறு விஷயமாகப் போனபோது மகளிர் மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொன்னார், மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இது சகஜம், மருத்துவம் இருக்கிறது என்று. மருந்தோடு பாதித் தூக்கம் திரும்பிவிட்டது. என் வாழ்க்கையில் நான் எடுக்க வேண்டிய முடிவுகளை ஆலோசகர் எடுக்கக் கூடாது என்பது கொள்கை, மதிக்கிறேன். "ஒரு மருத்துவரைப் பார்த்தீர்களா?" என்று கேட்பதுகூட வழிநடத்துதலா? அபிப்பிராயம் வேறு, தகவல் வேறு. இதை அவரிடமே சொன்னேன். என் கோபத்தை மிக அழகாகப் புரிந்துகொண்டார். அதைக் கேட்டு இன்னும் கோபம் வந்தது.

வீட்டு விவகாரம் தீர்ந்ததா என்றால், இல்லை. கையெழுத்தும் போடவில்லை, வழக்கும் போடவில்லை. வாடகையைப் பெரியண்ணன்தான் வாங்கிக்கொள்கிறார். தீபாவளிக்குப் பிறகு நானே அவருக்குப் போன் செய்து, "போடுவேனா மாட்டேனா என்று நீங்கள் இன்னும் என்னைக் கேட்கவில்லை. ஒருநாள் வந்து உட்கார்ந்து கேளுங்கள், பதில் சொல்கிறேன்" என்றேன். என் குரல் நடுங்கவில்லை. இன்னும் அவர் வரவில்லை. பழைய நானாக இருந்தால் ஒன்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆயுசுக்கும் புழுங்கியிருப்பேன், அல்லது அண்ணியோடு சண்டை போட்டிருப்பேன். இந்த மாற்றத்துக்கு ஆலோசனை காரணமா, மருந்து காரணமா, நாள் கடந்தது காரணமா என்று பிரித்துச் சொல்ல எந்தச் சூத்திரமும் இல்லை.

ஆகவே, தங்கச்சி, போகலாமா என்று கேட்டாய். போகாதே என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். 1,800 ரூபாய்க்கு இதே மதுரையில் நல்ல மருத்துவரைப் பார்க்கலாம், மிச்சத்தில் சேலையும் எடுக்கலாம். தூக்கம், பசி கெட்டிருந்தால் முதலில் மருத்துவர். உயிர் மேலேயே வெறுப்பு வந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காதே. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமனஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். இதெல்லாம் பார்த்த பிறகும், நீ சொல்வதை யாரும் சரியாகக் கேட்கவில்லை என்ற எண்ணம் மட்டும் மிச்சம் இருந்தால், ராஜர்ஸ் வழியில் பயின்ற ஒருவரைத் தேடிக்கொள். முதல் நாளே மூன்று கேள்வி கேள்: எங்கே பயின்றீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் யார், மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் என்றால் சொல்வீர்களா? மூன்றாவதற்கு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடு.

என் ஆலோசகரின் எண்ணை மட்டும் கேட்காதே. வியாழக்கிழமை மாலை நேரம் எனக்கே இப்போதெல்லாம் கிடைப்பதில்லை.