பழைய ஃபைபர் படகின் வழுக்கும் டெக்குக்கு ரோலர் பூச்சு: இரண்டு வருட அனுபவம்

விடியற்காலைப் பனி படிந்திருந்த டெக்கில் நங்கூரக் கயிற்றை எடுக்கப் போனேன். கால் வழுக்கி முட்டி இடிபட விழுந்தேன். பக்கத்துக் கம்பி கையில் சிக்கியிருக்காவிட்டால் தண்ணீருக்குள்தான் போயிருப்பேன். என் படகு 26 அடி, 1983இல் வார்த்தது. வார்ப்போடு வந்த வைரக்கட்ட நான்-ஸ்கிட், அதாவது கால் வழுக்காமலிருப்பதற்கான சொரசொரப்பு, இத்தனை வருட மிதிபாட்டில் அணியத்துப் பக்கம் (படகின் முன்பகுதி) மழமழவென்று தேய்ந்துவிட்டிருந்தது.

இதைச் சரிசெய்ய, கார்க்கும் ரப்பரும் கலந்த தகடுகளை எப்பாக்ஸிப் பசையால் ஒட்டலாம். பிடிமானம் அபாரம், ஆனால் கயிறு கட்டும் ஒவ்வொரு கிளீட்டைச் சுற்றியும் அளவெடுத்து வெட்ட வேண்டும், பின்னாளில் கழற்றுவது பெரும்பாடு. ஈவிஏ நுரைப் பாய் காலுக்கு இதம். நங்கூரச் சங்கிலி உரசும் இடத்தில் எனக்கு அது வேண்டாம். கடைசியில் நான் எடுத்தது, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் கெட்டிப் பூச்சு. கரணையால் பரப்பி, வலைபோன்ற சொரசொரப்பு ரோலரை அதன்மேல் ஓட்டினால் சின்னச் சின்ன முகடுகள் எழும்பும். 4 லிட்டர் டப்பா ஏறக்குறைய 80 சதுர அடிக்கு வந்தது.

பூசியது ஒரே நாள். அதற்கு முந்தைய வேலை ஆறு நாள். அந்த ஆறு நாளில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் டெக் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் 'டங்' என்று கேட்க, அணியத்து கிளீட் பக்கத்தில் மட்டும் 'பொத்' என்றது. திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருந்த பால்சா மரம் ஊறிப்போயிருந்தது. அழுகியதைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, எப்பாக்ஸியால் நிரப்பி, அதன் பிறகே ஓட்டையை மறுபடி துளைத்தேன். இதை விட்டுவிட்டு மேலே பூசுவது ஈரத்துக்கு மூடி போடுகிற வேலை. உங்கள் படகிலும் தயவுசெய்து தட்டிப் பாருங்கள்.

அப்புறம் மெழுகு. ஃபைபரின் வெளிப்புறப் பளபளப்புப் படலமான ஜெல்கோட்டில் பழைய பாலிஷ் மெழுகு இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் அது கீறல்களுக்குள் ஏறிவிடும். அதனால் கரைப்பானில் நனைத்த துணியால் முதலில் துடைக்க வேண்டும், துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். தண்ணீர் தெளித்தபோது முத்து முத்தாக உருளாமல் ஒரே படலமாகப் பரவியதும்தான் 80 எண் உப்புத்தாளைத் தொட்டேன். வைரக்கட்டத்தின் பள்ளங்களுக்குள் தாள் எட்டாது. அங்கே கம்பி பிரஷ்தான்.

பூச இரண்டு பேர் வேண்டும். மைத்துனர் கரணையால் பரப்பிக்கொண்டே போக, நான் பின்னாலேயே ரோலர் ஓட்டினேன். வெயில் ஏறினால் மேலே ஆடை கட்டிவிடுகிறது. அதனால் டேப் ஒட்டிய ஒவ்வொரு கட்டமாக முடித்தோம். ஈரம் காய்வதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். ஒரு கட்டத்தில் நான் தாமதித்ததால் ஓரம் பிய்ந்து வந்தது, அதைத் திரும்பச் செய்தேன்.

குறைகளும் உண்டு. கனமாகப் பரப்பினால் முகடுகள் கூர்மையாக நிற்கும். அணியத்தில் அது நல்லது, உட்காருமிடத்தில் முட்டியைச் சிராய்க்கும். அங்கே மெல்லிசாகப் பூசியிருக்க வேண்டும். பிறகு உப்புத்தாளால் நுனிகளை லேசாகத் தேய்த்துத் தணித்தேன். பள்ளங்களில் அழுக்கும் தங்கும், துடைப்பத்துக்குப் போகாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். நிறத்தில் வெளிர் சாம்பலே என் சிபாரிசு. வெள்ளை கண்ணைக் கூசும், அடர்நிறம் உள்ளங்காலைச் சுடும்.

இப்போது அலை தெறித்த ஈர டெக்கில், படகு சாய்ந்து ஓடும்போதும் வெறுங்காலோடு அணியம் வரை போகிறேன். கால் அசைவதில்லை. போன மாதம் நங்கூரம் கைநழுவி விழுந்து உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்தது. மிச்சமிருந்ததைப் பிரஷ்ஷால் வைத்துத் தட்டி விட்டேன், அரை மணி நேர வேலை. ஒட்டுப் போட்ட இடத்தை இன்று என்னாலேயே தேடித்தான் கண்டுபிடிக்க முடிகிறது.