வால் ஸ்ட்ரீட் கூடாரமா, ரப்பர் தோட்ட வேலைநிறுத்தமா?

ஏற்றத்தாழ்வுக்கு எதிரா எப்படி போராடுனா பலன் இருக்கும்னு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் டீக்கடையில பேச்சு வந்தா நான் இந்த ரெண்டையும்தான் எடுத்து வைப்பேன், என் ஓட்டு ரெண்டாவதுக்கு.

2011 செப்டம்பர் 17ல பெரிய பேங்குகளுக்கு எதிரா போராட்டக்காரங்க நியூயார்க்ல, பணச்சந்தைக்கு பேர்போன வால் ஸ்ட்ரீட் பக்கத்துல இருக்குற சுக்கோட்டி பார்க்ல போய் கூடாரம் போட்டு உக்காந்தாங்க, மைக் வைக்க அனுமதி இல்லன்னு ஒருத்தர் பேசுனத கூட்டமே திருப்பிச் சொல்லி பின்னால நிக்கிறவங்களுக்கு கடத்துனாங்க (செம ஐடியா மக்கா), ஆனா இதுதான் வேணும்னு ஒரே கோரிக்கையா இல்ல, நவம்பர் 15ல போலீஸ் காலி பண்ணிருச்சு. அதுக்காக தோல்வின்னும் சொல்ல மாட்டேன், 'நாங்க 99 சதவீதம்' (ஒரு சதவீத பெரும் பணக்காரங்க போக மீதி ஜனம்)ங்குற பேச்சு உலகம் பூரா போச்சுல்லா.

நம்ம அரசு ரப்பர் கழகத் தொழிலாளிங்க வேலைய நிறுத்துனது வேற மாதிரி. கூலிய கூட்டுன்னா எவனுக்கும் புரியும். வெயில் ஏறுறதுக்கு முன்ன மரப்பட்டைய வெட்டுனாதான் பால் நல்லா வடியும், கத்தி வைக்கலேன்னா அன்னைக்கு பால் பிடிக்கிற சிரட்டை காலி, நிர்வாகத்துக்கு உடனே உறைக்கும். பஸ்ஸ மறிச்சா திட்டுற ஜனம் இதுக்கு திட்டாது, அது ஒரு லாபம். ஆனா பேச்சுவார்த்தை இழுத்துட்டே போனா தினக்கூலி வீட்டுலதான் முதல்ல கடைக்காரன் கடன் நிறுத்துவான், இத யாரும் கணக்குல எடுக்குறதே இல்ல.