கீழே மழைத்தோட்டம், மேலே வீடு: வாங்கலாமா?

எங்கள் பேட்டையில் மறுவிற்பனை வீடு பார்க்கும் நண்பர் கேட்டார்: "புளோக்குக்குக் கீழே மழைத்தோட்டம் இருக்கே, கொசு வருமா?" வாட்ஸ்அப்பில் அடங்குகிற பதில் இல்லை, அதனால் இங்கே.

தோட்டம் நன்றாகவே வேலை செய்கிறது. கூரையிலும் கார் நிறுத்துமிடத்திலும் விழும் மழை நேரே கால்வாய்க்குப் பாயாமல் இந்தப் பள்ளத்தில் தங்கி, மண், மணல், சரளை என்று அடுக்கடுக்காக இறங்கி, அடியிலுள்ள துளைக் குழாய் வழியே மெதுவாக வெளியேறுகிறது. ஒரு நாளுக்குள் வற்றிவிட வேண்டும் என்பது கணக்கு. ஏடிஸ் முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அப்புறம் டெங்கிக்கு ஏது வழி? சாயங்காலம் பெரியவர்கள் கீழ்த்தளத்தை விட்டு இதன் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். யாரோ ஒரு ஆண்ட்டி மூலையில் பாண்டான்கூட நட்டிருக்கிறார்.

என் எரிச்சல் நடைபாதை மேல்தான். மின்தூக்கியிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் பாதை தோட்டத்தைச் சுற்றி அழகாக வளைகிறது. காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் வளைவையா ரசிப்பார்? எல்லாரும் குறுக்கே போய்ப் போய், செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. மிதிபட்ட மண் இறுகி, அங்கே மட்டும் தண்ணீர் இறங்குவதில்லை. உடனே மாடியிலிருந்து கொசுப் புகார். பராமரிப்பு ஆட்கள் வந்து கயிறு கட்டுவார்கள். மறுநாள் கயிறு சேற்றில் கிடக்கும், வெள்ளைக் காலணியைக் கையில் பிடித்தபடி பள்ளிப் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போவார்கள்.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கி 2012-ல் திறந்தார்கள். மழை வலுத்தால் ஆறு புல்வெளிக்கு ஏறும், வடிந்ததும் பிள்ளைகள் அங்கேயே விளையாடுவார்கள். அவ்வளவு பெரிய ஆற்றுக்கே பாலமும் உண்டு, கல்லில் கால் வைத்துத் தாண்டும் இடமும் உண்டு. எங்கள் பள்ளத்துக்கு நான்கு பலகை போட ஆளில்லை! கேட்டால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கொசுவுக்குப் பயப்பட வேண்டாம், தோட்டமுள்ள புளோக் நல்ல புளோக். ஆனால் மகளின் காலணியைக் கழுவிவிட்டு எழுதுகிறேன், அதனால் இன்றைய பதில் இதுதான்: நிறுத்தத்தை ஒட்டிய எதிர்ப் புளோக்கில் வீடு கிடைத்தால் அதை வாங்குங்கள்.