விட்ட கேள்விகளையும் எண்ணிப் பார்க்கும் நீட் சென்டர்

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் நீட்டுக்காக மறுபடி படிக்கிறாள். திருச்சி தில்லைநகரில் உள்ள இந்தச் சின்ன சென்டரில் சேர்த்து ஆறு மாதம் ஆகிறது. பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முன்பு போனது வேறொரு பெரிய இடம். ஒரு வகுப்பில் நூறு பேருக்கு மேல். போர்டில் கணக்குப் போடப் பையன்களைத்தான் கூப்பிடுவார்களாம். "பொண்ணுங்களுக்கு பயாலஜி போதும், பிசிக்ஸ்ல வந்த வரைக்கும் லாபம்" என்று அங்கே ஓர் ஆசிரியர் சொன்னதை இவள் வீட்டில் சொன்னபோது நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் 98 வாங்கியவள், "எனக்கு பிசிக்ஸ் வராதும்மா" என்று தானே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே முதல் டெஸ்ட் முடிந்ததும் பிசிக்ஸ் சார் மார்க்கைப் பற்றிப் பேசவே இல்லை. 45 கேள்வியில் 15-ஐ விட்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஏன் விட்டாய் என்று எழுதச் சொன்னார். ஆறுக்குத் 'தெரியாது', ஒன்பதுக்குச் 'சந்தேகம்'. அந்த ஒன்பதுக்கும் கேள்வித்தாளில் விடையைக் குறித்திருக்கிறாள்; ஓஎம்ஆர் தாளில் மட்டும் வட்டத்தை நிரப்பவில்லை. சரிபார்த்தால் ஆறு சரி, மூன்று தப்பு. சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 கழிவு. 24-இல் 3 போனாலும் 21 மார்க் கையில் இருந்திருக்கும். "தெரிஞ்சதை ஏம்மா விட்டே?" என்று கேட்டாராம். இரவு பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அப்புறம் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். நாலு விடையில் இரண்டைத் தப்பு என்று உறுதியாக அடிக்க முடிந்தால், மிச்சத்தில் ஒன்றைத் துணிந்து குறி. அப்படி இரண்டு கேள்வியில் ஒன்று சரியானாலே 3 மார்க் மிச்சம். ஒன்றையும் அடிக்க முடியாவிட்டால் விட்டுவிடு. இவள் பேட்சில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நிரப்பி மைனஸ் வாங்கும் பையன்களையும் இதே மாதிரி எழுதவைக்கிறார். போர்டுக்கு வருகைப்பதிவு வரிசைப்படி கூப்பிடுகிறார். யாரும் தப்ப முடியாது. போன டெஸ்டில் இவள் பிசிக்ஸில் விட்டது நாலு கேள்விதான்.

குறையும் இருக்கிறது. சந்தேகம் கேட்கும் நேரம் இரவு 7 முதல் 8.30 வரை. லால்குடி பஸ்ஸைப் பிடிக்க இவளும் இன்னும் மூன்று வெளியூர்ப் பெண்களும் 7 மணிக்கே கிளம்பிவிடுவார்கள். பையன்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நேரில் போய்ச் சொன்னேன். ஞாயிறு காலை 10 மணிக்குத் தனியாக வைத்தார்கள். ஆனால் அதற்கு பிசிக்ஸ் சார் மட்டும்தான் வருகிறார். கெமிஸ்ட்ரி சாரும் வந்தால் அஞ்சு ஸ்டார் கொடுப்பேன். இப்போதைக்கு நாலு.