தண்ணீருக்குள் படம் எடுக்க: பவுச் எதுவரை, ஆக்ஷன் கேமரா எப்போது?

அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ டிக்கெட் போட்டாயிற்று என்றால், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் செல்போன் கடையில் பவுச்சைக் (போனைப் போட்டு மூடும், தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பை) காட்டிக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணாச்சி, இதுக்குள்ள தண்ணி போகாதுல்லா?" பதிலும் ஒன்றுதான்: "முப்பது மீட்டர்னு அட்டையிலயே போட்டிருக்குல்லா!"

கேட்க வேண்டியது அதுவல்ல. ஸ்நார்கல் என்ற மூச்சுக்குழாய் போட்டு மிதப்பவர் பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே கிடப்பார். மூச்சுப் பிடித்து இறங்கினாலும் இரண்டு மூன்று மீட்டர். அந்த ஆழத்துக்குச் சுமாரான பவுச்சே தாங்கும். கேட்க வேண்டியது, தண்ணீருக்குள் இருக்கும்போது ஷட்டரை அழுத்த முடியுமா என்பதைத்தான். இருநூறு முந்நூறு ரூபாய் பவுச்சும் இருபதாயிரத்துக்கு மேல் போகும், கோப்ரோ மாதிரியான ஆக்ஷன் கேமராவும் பிரிகிற இடம் அதுதான்.

பவுச் இல்லாமல் வெறும் போன்

இதை முதலிலேயே கழித்துவிடலாம். தண்ணீரும் தூசியும் புகாது என்று சொல்லும் ஐபி68 முத்திரை ஆய்வகத்தில், அசையாத நல்ல தண்ணீரில் கொடுத்தது. சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசை 1.5 மீட்டரில் 30 நிமிடம், ஐபோன் 12 முதல் 6 மீட்டரில் 30 நிமிடம் என்பது அந்தக் கணக்கு. உப்புத் தண்ணீருக்கும், நீந்தும்போது கையை வீசுகிற வேகத்துக்கும் அதில் இடமில்லை. போன் பழசாக ஆக உள்ளே இருக்கும் பசையும் ரப்பரும் தளரும். ஒருமுறை கீழே விழுந்து ஓரம் நெளிந்த போனாக இருந்தால் அந்த முத்திரையை மறந்துவிடலாம். தண்ணீர் புகுந்து கெட்டால் சாதாரண வாரண்டியிலும் வராது.

செல்போன் பவுச்

தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. தண்ணீரும், குறிப்பாக உப்புத் தண்ணீர், மின்சாரத்தைக் கடத்தும். மேலே இருக்கும்வரை பவுச்சின் பிளாஸ்டிக் வழியாகத் திரை நன்றாகவே கேட்கும். கடைக்காரர் காட்டுவது அந்த வித்தையைத்தான். தண்ணீருக்குள் முக்கியதும் திரை முழுவதையும் யாரோ தொடுவதாக போன் நினைத்துக்கொள்கிறது. அல்லது எதையுமே உணர்வதில்லை. இறங்க இறங்கப் பைக்குள் இருக்கும் காற்று சுருங்கி, பிளாஸ்டிக் திரையோடு ஒட்டிக்கொள்வதால் குழப்பம் இன்னும் கூடும். கேமரா செல்ஃபிக்கு மாறும், ஃபிளாஷ் எரியும், நடுவில் ரெக்கார்டிங் நிற்கும். ஆமை அதற்குள் போய்விடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வால்யூம் பட்டனை ஷட்டராக வைத்துக்கொள்வது. பெரும்பாலான போன்களில் கேமரா செட்டிங்கில் இது இருக்கும். ஐபோனில் கைடட் ஆக்சஸ் போட்டுத் தொடுதலை அடைத்துவிட்டு, வால்யூம் பட்டனை மட்டும் திறந்து வைக்கலாம். பவுச் வாங்கும்போதே போனை உள்ளே போட்டு, பட்டன் விரலுக்கு அகப்படுகிறதா என்று அங்கேயே பாருங்கள். பை பெரிதாகி போன் உள்ளே நழுவினால் தண்ணீருக்குள் பட்டனைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வழிதான் நம்பகமானது. தலையை முக்குவதற்கு முன்பே 4கே வீடியோவை ஓடவிட்டுவிடுங்கள். வெளியே வந்தபிறகு நிறுத்துங்கள். வேண்டிய இடத்தில் வீடியோவை நிறுத்தி ஒரு ஃபிரேமை எடுத்தால் 8 மெகாபிக்சல் படம் கிடைக்கும். வாட்ஸ்அப்புக்கும் ஆல்பத்துக்கும் அது தாராளம். ஏரோபிளேன் மோடு கட்டாயம், ஒரு போன் கால் வந்தால் ரெக்கார்டிங் போச்சு. திரை தானாக அணைவதை நிறுத்தி, வெளிச்சத்தை முழுசாக வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் தூசி அத்தனையும் வெள்ளைப் புள்ளியாக விழும்.

அடுத்தது பவுச்சின் ஜன்னல். லென்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடைவெளி இருந்தால் லென்சின் வளையமே அதில் எதிரொளித்துப் படத்தில் விழும். போனின் பின்னால் கால் அங்குல ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைச் செருகினால் லென்ஸ் ஜன்னலோடு ஒட்டி நிற்கும். அல்ட்ரா வைடு வேண்டாம், பவுச்சின் ஓரம் மூலையில் தெரியும், 1எக்ஸ் போதும். ஐபோனில் மேக்ரோ தானாக மாறுவதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக்கில் இருக்கும் கீறலுக்கு ஃபோகஸ் போய் நிற்கும். தட்டையான ஜன்னல் வழியாகத் தண்ணீருக்குள் பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால் கோணமும் குறுகும். போனின் 24 எம்எம் லென்ஸ் ஏறக்குறைய 32 எம்எம் மாதிரி நடந்துகொள்ளும். ஆள் முழுசாக விழ வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், பின்னால் போனால் கலங்கல் கூடும்.

காற்று எவ்வளவு விட வேண்டும்

200 கிராம் எடையுள்ள போன் தள்ளுகிற தண்ணீர் ஏறக்குறைய 100 மில்லி. அது மிதக்க வேண்டுமானால் பவுச்சுக்குள் இன்னும் 100 மில்லிக்காவது காற்று இருக்க வேண்டும். 120 மில்லி விட்டதாக வைத்துக்கொள்வோம், மேலே மிதக்கும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், இரண்டு மீட்டர் இறங்கியதும் அந்த 120 மில்லி 100 ஆகச் சுருங்கிவிடும். அதற்குக் கீழே கைவிட்டால் பவுச் மேலே வராது. ஆழம் போகப் போக இன்னும் வேகமாகத்தான் இறங்கும். "மிதக்கும் பவுச்" என்று எழுதியிருப்பதை நம்பி முங்குநீச்சல் போட்டவர்கள் போனைத் தொலைப்பது இதனால்தான். அதிகமாகக் காற்று விட்டால் பை பலூனாக உப்பி, ஜன்னல் வளைந்து, பட்டனும் அகப்படாது. அதனால் காற்றைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, மிதப்புக்கு ஆரஞ்சு நிற ஃபோம் கைப்பட்டையை மாட்டுவதே சரி. பட்டையில் எத்தனை கிராம் தாங்கும் என்று போட்டிருப்பார்கள், போனும் பவுச்சும் சேர்ந்த எடையைப் பார்த்து வாங்குங்கள். கழுத்துக் கயிறு வேண்டாம், ஸ்நார்கல் குழாயில் சிக்கும்.

எது கசியும், எப்படிச் சோதிப்பது

மூடி இரண்டு வகை. இரண்டு பக்கமும் திருகிப் பூட்டும் கெட்டிக் கிளிப் ஒன்று. ஜிப் போட்டு மூன்று மடிப்பு மடித்து வெல்க்ரோ ஒட்டுவது இன்னொன்று. கிளிப்தான் மேல். மடிப்பு வகையில் மடித்த இடமே நாளடைவில் வெடிக்கும். டிபியு என்ற பிளாஸ்டிக் வகை போட்டிருந்தால் வளைந்துகொடுக்கும். மலிவான பிவிசி நம் ஊர் வெயிலில் மஞ்சளடித்து விறைத்துப்போகும்.

பெரும்பாலும் கசிவது பிளாஸ்டிக்கில் அல்ல, வாயில். ஒரு மணல், ஒரு தலைமுடி, உள்ளே மாட்டிக்கொண்ட கயிற்று நுனி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். அதனால் கடற்கரையில் மூடாதீர்கள். அறையிலேயே துடைத்து மூடிவிட்டுக் கிளம்புங்கள். ஏசி ஓடும் அறையில் மூடினால் இன்னொரு லாபமும் உண்டு. கடலோரத்து ஈரக்காற்றை உள்ளே அடைத்து மூடினால், தண்ணீரின் குளிர்ச்சி பட்டதும் ஜன்னலின் உட்பக்கம் ஆவி படியும். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு வையுங்கள்.

சோதனைக்கு வாளித் தண்ணீர் போதாது. தோட்டத்துக் கிணறு இருக்கிறவர்களுக்கு வசதி: பவுச்சுக்குள் மடித்த டிஷ்யூ பேப்பரும் ஒரு கூழாங்கல்லும் போட்டுப் பூட்டி, கயிற்றில் பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சு தண்ணீர் மட்டத்தைத் தொடும்வரை இறக்கி அரை மணி நேரம் விடுங்கள். எடுத்ததும் வெளியே நன்றாகத் துடைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். டிஷ்யூவின் ஓரம் ஒரு பொட்டு நனைந்திருந்தாலும் அந்தப் பவுச்சைப் பத்திரம் பணம் வைக்க வைத்துக்கொள்ளலாம், போனுக்கு ஆகாது. புதுப் பவுச்சை மட்டுமல்ல, போன வருடம் வாங்கியதையும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

பெரிய கேமராவுக்கான பை

முன்பக்கம் கண்ணாடி பதித்த, லென்ஸ் நுழையும் குழலுள்ள பைகள் டிஎஸ்எல்ஆருக்கும் மிரர்லெஸ்ஸுக்கும் கிடைக்கின்றன. ஜெர்மனியின் எவா-மரைன் இதில் பழைய பெயர். ஜன்னல் கண்ணாடி என்பதால் படம் தெளிவாக இருக்கும். சிக்கல், உள்ளே அடைபடும் காற்று. பை கீழேயே இறங்காது. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டைச் சேர்த்துக் கட்டி இறக்குகிறவர்களும் உண்டு. இறங்கியதும் பை சுருங்கிப் பட்டன்களை அதுவே அழுத்தத் தொடங்கும். லட்ச ரூபாய்ச் சாமானை ஒரு தையலை நம்பிக் கடலில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாதி உள்ளே பாதி வெளியே என்று எடுக்க வேண்டுமானால் இதைவிட நல்ல சாமான் கிடையாது.

ஆக்ஷன் கேமரா

கோப்ரோ ஹீரோ5-இலிருந்து கூடு இல்லாமலே 10 மீட்டர். டிஜேஐ ஆக்ஷன் 4 என்றால் 18 மீட்டர். இதன் திரையும் தண்ணீருக்குள் வேலை செய்யாது. ஆனால் மேலே ஒரு பெரிய பட்டன் இருக்கிறது. அணைந்து கிடந்தாலும் ஒரே அழுத்தில் ரெக்கார்டிங் தொடங்கும்படி வைத்துக்கொள்ளலாம். அலையில் ஆடினாலும் படம் ஆடாது. இந்த இரண்டுக்காகத்தான் பணம் கொடுக்கிறோம்.

குறையும் உண்டு. பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் நிரந்தரம். ஒரு சாணுக்குள் வந்த மீன் மங்கலாகத்தான் விழும். சென்சார் சிறிது என்பதால் வெளிச்சம் குறைந்த தண்ணீரில் படம் பொரிப்பொரியாக வரும். மேகமூட்டத்திலும் கிணற்றுக்குள்ளும் பவுச்சுக்குள் இருக்கும் நல்ல போன் இதைத் தோற்கடிக்கும். பேட்டரிக் கதவின் ரப்பரை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்து மூடுங்கள். சிவப்பு ஃபில்டரை ஸ்நார்கலுக்கு வாங்க வேண்டாம். தெளிந்த நீலக் கடலில் மூன்று மீட்டருக்குக் கீழே போனால்தான் அது உதவும். மேல்மட்டத்தில் எல்லார் முகமும் சிவந்துபோகும், பச்சை ஆற்றுத் தண்ணீரில் அதற்கு வேலையே இல்லை.

டஃப் கேமராவும் கெட்டிக் கூடும்

டஃப் கேமரா என்றால் கூடு இல்லாமலே தண்ணீருக்குள் போகும் சிறு கேமரா. ஒலிம்பஸ் டிஜி-6, அதன் வாரிசான டிஜி-7, இரண்டும் 15 மீட்டர் தாங்கும். நிஜப் பட்டன், நிஜ ஜூம், லென்சுக்கு முன் ஒரு சென்டிமீட்டரில் இருப்பதையும் எடுக்கும் மேக்ரோ. கல்லில் ஒட்டிக் கிடக்கும் உளுவை மீன், நத்தை, பவளத்தின் வாய் என்று சின்னதைத் தேடுகிறவருக்கு இதுதான். குடும்பத்தோடு வருடத்துக்கு ஒரு தடவை போகிறவருக்கு இது வீண் செலவு.

போனைக் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் பூட்டி, வெளிப் பட்டனை ப்ளூடூத் வழியாக போனோடு பேசவைக்கும் ஹவுசிங்குகளும் உண்டு. பவுச்சின் ஷட்டர் சிக்கல் இதில் தீர்ந்துவிடும். விலை மட்டும் ஆக்ஷன் கேமராவை நெருங்கும்.

நம் பக்கத்துத் தண்ணீருக்கு எது

கடலுக்குப் போகும் முன் பழகிக்கொள்ளத் தாமிரபரணி போதும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் மணலும் பாறையுமான துறைகளில், கார் சாகுபடிக்கு அணை திறப்பதற்கு முந்தைய கோடையில் தண்ணீர் தெளிந்து கிடக்கும். இங்கே பவுச் தாராளம். கெண்டைக்குஞ்சு கால்மாட்டிலேயே சுற்றும். அரை மீட்டர் ஆழத்தில் போனை அசைக்காமல் பிடித்தால் அதுவே கிட்டே வரும். பாபநாசம் படித்துறையில் பொரிக்குக் கூடும் மீன் நல்ல காட்சிதான், ஆனால் பரிகாரத்துக்கு வந்தவர்கள் ஆற்றில் விட்டுப்போகும் துணி காலைச் சுற்றும். முங்கி எடுக்கிற இடமல்ல அது. அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும், திறப்பு நேரத்தை விசாரித்துக்கொண்டு இறங்குங்கள்.

உவரிக் கடற்கரைப் பக்கம் அலை மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும். அங்கே எந்தக் கேமராவும் பழுப்பைத்தான் எடுக்கும். பவுச் செல்பியோடு நிறுத்திக்கொள்ளலாம். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை நீளும் 21 தீவுகளும் 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது. பவளப்பாறை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. அனுமதியோடு போகிறவர்கள் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழும் முன், ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்குள் போவது நல்லது. நீவாடு (நீரோட்டம்) இழுக்கும் கடலில் ஒரு கைதான் கேமராவுக்குக் கிடைக்கும். இங்கேயும் அந்தமானிலும் பவுச்சை வைத்துக்கொண்டு பட்டன் தேடுவதைவிட, இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு ஆக்ஷன் கேமராவை வாடகைக்கு எடுப்பது மேல். பவுச்சுதான் என்று முடிவாகிவிட்டால் அதற்குள் பழைய போனைப் போடுங்கள்.

கடலிலிருந்து ஏறியதும் எதையும் உடனே திறக்க வேண்டாம். பவுச்சோ கேமராவோ, மூடியபடியே நல்ல தண்ணீர் வாளியில் கால் மணி நேரம் ஊறட்டும். பட்டன் இருந்தால் உள்ளே வைத்தே நாலு தடவை அழுத்தி உப்பைக் கரைத்துவிடுங்கள். பவுச்சை வெயில் மணலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், காற்றோட்டம் இல்லாமல் போன் கொதித்து அணைந்துவிடும். அப்படியும் உள்ளே ஈரம் போயிருந்தால் போனை அணைத்து, சிம் தட்டைக் கழற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள். சார்ஜ் போடக் கூடாது. அரிசி டப்பாவிலும் வேண்டாம். மாவும் நொய்யும் சார்ஜர் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். போனது உப்புத் தண்ணீர் என்றால் காய்வதற்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே சர்வீஸ் கடையில் திறந்து கழுவக் கொடுத்துவிடுங்கள்.