9900 என்று எழுதிய பேட்டரி: தோட்ட ரயில் ஓட்டுகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்

தோட்டத்தில் மாடல் ரயில் ஓட்டுகிறவர்கள் யாராவது பேட்டரிக்கு மாற நினைத்தால், வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 45 மி.மீ. அகலப் பாதை. பல வருடம் தண்டவாளம் வழியாகத்தான் மின்சாரம் கொடுத்தேன். வெயிலிலும் பனியிலும் கிடக்கும் பித்தளை கறுத்துப் போகும். ஓட்டும் முன்பெல்லாம் தேய்க்க வேண்டும். தேய்த்தாலும் இணைப்புக்கு இணைப்பு வோல்டேஜ் குறைந்து, தூரத்து வளைவில் என்ஜின் ஊர்ந்துதான் போகும். கடைசியில் என்ஜினுக்குள் ரேடியோ ரிசீவர், அடுத்த பெட்டியில் லித்தியம் பேட்டரி என்று மாற்றினேன். மாற்றியது சரிதான். ஏமாந்தது பேட்டரி வாங்கிய இடத்தில்.

"மாடல் ரயிலுக்கென்றே செய்தது" என்று போட்டிருந்தார்கள். வரிசையாக இணைத்த நான்கு 18650 செல்கள் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளமுள்ள உருளை வடிவ லித்தியம் செல்), 14.8 வோல்ட், 9900 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமல் தடுக்க உள்ளேயே பாதுகாப்பு சர்க்யூட், கூடவே சார்ஜர். ஐந்து பெட்டிகளை இழுக்க என் என்ஜின் சராசரியாக 1.2 ஆம்பியர் எடுக்கும். அப்படியானால் எட்டு மணி நேரம் ஓட வேண்டும். நாற்பது நிமிடத்தில் நின்றுவிட்டது. மூன்று தடவை முழுதாக சார்ஜ் செய்து பார்த்தேன், அதே நாற்பதுதான். அதாவது உள்ளே இருந்தது வெறும் 800.

இந்த இடத்தில் என் தவறும் உண்டு. தரமான 18650 செல்லே 3500-ஐ ஒட்டித்தான் வரும். வரிசையாக இணைத்தால் வோல்டேஜ்தான் கூடும், கொள்ளளவு கூடாது. 9900 என்ற எண்ணைப் பார்த்ததுமே விலகியிருக்க வேண்டும்.

விற்றவரிடம் கேட்டதற்கு, "உங்க மோட்டார்தான் அதிகமா இழுக்குது" என்றார். அளந்த கணக்கைப் படம் எடுத்து அனுப்பினேன். அப்புறம் பதிலே இல்லை.

சரி என்று மேலுறையைக் கிழித்தேன். ஒரு செல்லைப் பிரித்துச் சமையலறைத் தராசில் வைத்தால் 29 கிராம். நல்ல செல் பொதுவாக 45 கிராமுக்குக் குறையாது. பாதுகாப்பு சர்க்யூட் இருக்க வேண்டிய இடத்தில் மடித்து வைத்த அட்டைத் துண்டு. பிரிப்பதற்கு முன் மல்டிமீட்டரில் பார்த்தபோது, சார்ஜர் 16.8 வோல்ட்டில் நிற்காமல் 17.6 வரை ஏற்றியிருந்தது. செல்லுக்கு 4.4 வோல்ட். 4.2-ஐத் தாண்டினாலே ஆபத்து, தீப்பிடிக்கலாம். இதை இரண்டு இரவு, பிள்ளைகள் தூங்கும் அறைக்கு வெளியே சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

ஏற்கெனவே இப்படி ஒன்று வாங்கியிருந்தால், சார்ஜ் முடியும்போது பக்கத்தில் இருந்து வோல்டேஜை அளந்து பாருங்கள். 16.8-க்கு மேல் போனால் உடனே கழற்றிவிடுங்கள். மொத்த எடையையும் பாருங்கள். நான்கு செல் பேக் 180 கிராமுக்குக் கீழே இருந்தால் நம்ப வேண்டாம். தனிச் செல்களாகப் பிரிப்பது மட்டும் பழக்கமில்லாதவர்கள் செய்யாதீர்கள்.

என்னிடம் இருந்ததை மணல் போட்ட இரும்பு டப்பாவில் வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறேன், பேட்டரிக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க. அதே படத்தோடு, அதே 9900-ஓடு அந்த பேக் இன்னும் விற்பனையில் இருக்கிறது.