கோழிக்குக் கறிக்கடைக் கொழுப்பு: கீழக்கரையில் வாங்கலாமா?

கீழக்கரையில் நான் வாடிக்கையாக ஆட்டுக்கறி வாங்கும் கடையில், கேட்டால் கொழுப்பைத் தனியாகப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். கறி வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் காசே வாங்குவதில்லை. வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு நல்ல சரக்கு, தாராளமாக வாங்கலாம். ஆனால் அன்றைக்கு அறுத்ததாக இருக்க வேண்டும், கொஞ்சமாகத்தான் போட வேண்டும்.

இந்தக் கடையில் எனக்குப் பிடித்ததே அவர்கள் பிரித்து வைக்கும் விதம்தான். குண்டிக்காயைச் சுற்றியிருக்கும் கொழுப்பு வெள்ளை வெளேரென்று, விரலால் நசுக்கினால் உதிரும். அதைக் குடல் கழிவோடு சேர்த்து வாளியில் கொட்டாமல் தனித் தட்டில் எடுத்து வைக்கிறார்கள். "கோழிக்குத்தானேக்கா? காலையிலேயே வந்துருங்க, வெயில் ஏறுனா வாடை வந்துரும்" என்று பாய் அவராகவே சொல்வார். பொருளை விற்றால் போதும் என்று நினைக்காத மனுஷர். பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் முந்தின நாள் மிச்சத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், பிரித்தால் மஞ்சள் பூத்துச் சிக்கு வாடை. அப்படியே குழி தோண்டிப் புதைத்தேன். சிக்கு ஏறிய கொழுப்பு தீவனத்தில் இருக்கும் வைட்டமின் ஈ சத்தை அழித்துவிடும், அதனால் குஞ்சுகள் கழுத்து முறுக்கி, நிற்க முடியாமல் சாய்ந்து விழும். நம் கடற்கரைச் சூட்டுக்கும் ஈரக்காற்றுக்கும் கொழுப்பு சீக்கிரமே கெட்டுவிடும், இதில் சமரசமே கூடாது.

வாங்கி வந்ததும் சிறு தீயில் உருக்கி வடிகட்டுங்கள். சூடாக இருக்கும்போதே தவிட்டிலும் குருணையிலும் பிசறிவிட வேண்டும், ஆறினால் மெழுகு மாதிரி இறுகிவிடும். தீவனம் ஒரு கிலோவுக்கு 20 கிராம், ஏறக்குறைய ஒன்றரை மேசைக்கரண்டி, போதும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, தானியத்து மாவுச்சத்தில் 4 தான். கோழி தெம்பு கிடைத்ததும் தின்பதைக் குறைத்துக்கொள்ளும், அப்போது புரதம் போதாமல் முட்டை குறையும். அதற்குத்தான் நான் கூடவே கருவாட்டுத் தூள் சேர்க்கிறேன், உப்புப் போடாமல் காயவைத்த சூடை மட்டும். உப்புக் கருவாடு கோழிக்கு ஆகாது. மீனில் இருக்கும் எண்ணெய் சேர்ந்தால் ஆட்டுக்கொழுப்பும் நன்றாகச் செரிக்கும் என்பது இன்னொரு லாபம்.

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் உடம்புச் சூட்டுக்காகக் கோழிக்குக் கொழுப்புப் போடுவார்கள். நமக்குச் சித்திரை வெயிலிலும் உதவும், காரணம் வேறு. கொழுப்பு செரிக்கும்போது உடம்பில் கிளம்பும் சூடு தானியம் செரிக்கும்போது கிளம்புவதைவிடக் குறைவு. மதியத்தில் வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு எதையும் கொத்தாமல் நிற்கும் கோழிக்கு, காலைக் குளிர்ச்சியில் தின்ற இந்தக் கொஞ்சம் தீவனமே அன்றைக்குத் தாக்குப்பிடிக்க உதவும்.

மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்கு வேண்டாம், பித்தநீர் போதாது, செரிக்காது. கூண்டிலேயே அடைத்து வைத்த பெட்டைக்கும் வேண்டாம், ஈரலில் கொழுப்புக் கட்டி, ஈரல் கிழிந்து திடீரென்று செத்துப்போகும். கொழுப்பு கூடினால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராமல் முட்டை ஓடு மெலியும், அதனால் கடற்கரையில் கிடக்கும் சிப்பியை இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். பிரியாணிச் சட்டியில் மிஞ்சிய நெய்க்கொழுப்பு, மீன் பொரித்த எண்ணெய் எதையும் இதற்குப் பதிலாக ஊற்றாதீர்கள், உப்பும் மசாலாவும் இருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில் வீட்டுக்கு வீடு கொழுப்பு மிஞ்சும். அப்போது கடைக்கே போக வேண்டாம், அக்கம்பக்கத்தில் முதல் நாளே சொல்லி வைத்தால் கொடுப்பார்கள், அன்றைக்கே உருக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மற்ற நாளில் கடைக்குக் காலை 8 மணிக்குள் மூடி போட்ட டப்பாவோடு போங்கள், பிளாஸ்டிக் பையில் வாங்கினால் வெயிலில் வீடு வருவதற்குள் கசிந்து எறும்பு பிடித்துவிடும்.